வள்ளத்தை அடக்கி ஓட்ட: தூண்டில் இழுக்கப் பழகும் பிள்ளைகளுக்கு

ஸ்காபரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் கிழக்கே இரண்டு மணி நேரம் ஓடினால் குவின்ரி குடா வரும். ஒன்ராறியோ ஏரியின் வடகிழக்கு மூலையில், இசட் எழுத்துப் போல மடிந்து கிடக்கும் நீண்ட நீர். கரையோரம் ட்ரென்ரன், பெல்வில், டெசெரொன்ரோ, பிக்ரன் என்று ஊர்கள். வோல்ஐ மீன், அதாவது இங்குள்ளவர்கள் பிக்கரல் என்று சொல்லும் மீன், பிடிக்க எங்கள் பிள்ளைகளும் இப்போது சொந்த வள்ளத்தோடு இங்கே வருகிறார்கள். பெரும்பாலும் 16 அடி அலுமினிய வள்ளம், பின்னால் 40 அல்லது 60 குதிரைவலு எஞ்சின். அந்த எஞ்சின் ஐடிலில் நின்றாலே வள்ளம் மணிக்கு இரண்டரை மைல் போகும். பிக்கரலுக்கு வேண்டியதோ ஒரு மைல், கூடிப்போனால் ஒன்றரை. மிச்சமாக நிற்கும் அந்த ஒரு மைலை எப்படிக் கழிப்பது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மைல் என்று எழுதுவதைக் குறை நினைக்க வேண்டாம். இந்த நாட்டில் காருக்குக் கிலோமீற்றர், தூண்டிலுக்கு மைல். இறங்குதுறையில் யாரைக் கேட்டாலும் மைலில்தான் பதில் வரும்.

1. வேகத்தைக் குறைப்பது பெரிய வித்தை அல்ல. குறைத்த பிறகும் வள்ளம் உங்கள் சொல் கேட்க வேண்டும், அதுதான் பாடு. ஓடுகிற வள்ளம் திருப்பினால் திரும்பும். ஒரு மைலில் ஊரும் வள்ளத்தைக் காற்று தன் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். கீழே நான் சொல்லும் ஒவ்வொரு சாமானையும் பற்றி இரண்டு கேள்வி கேளுங்கள்: எவ்வளவு வேகத்தைக் குறைக்கும்? குறைத்த பின் அணியம் நான் காட்டும் பக்கம் நிற்குமா? விற்பவர் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்வார்.

2. பருவத்துக்கு ஒரு வேகம் உண்டு. ஊரில் அறுக்குளாவுக்கு இழுத்துப் பழகிய கை இங்கே அவசரப்படும். அறுக்குளா துரத்தி வந்து வெட்டும் மீன், அதற்கு வள்ளமும் ஓடத்தான் வேண்டும். பிக்கரல் வேறு சாதி. கோடையில் தண்ணீர் சூடேறிய பிறகு, குட்டி மீன் வடிவப் போலி இரைகளை 2 மைலில் இழுக்கலாம், அதற்குச் சற்று மேலேயும் போகலாம். மே மாதம் பருவம் திறக்கும்போதும், ஒக்ரோபர், நவம்பரிலும் 1 முதல் 1.5. புழுக் கோத்துச் சுழல்தகடு கட்டிய தூண்டிலுக்குக் கோடையிலும் 0.8 முதல் 1.2 தான். தண்ணீர் குளிரக் குளிர மீனின் உடம்பும் மந்தமாகும், இரைக்குப் பின்னால் நெடுந்தூரம் ஓடாது. ஏரியில் கோடையைக் கழித்த பெரிய மீன்கள் சின்ன மீன் கூட்டங்களின் பின்னால் குடாவுக்குள் திரும்புவதும் இலையுதிர் காலத்தில்தான். ஆக மிகப் பெரிய மீனும் மிக மெதுவான இழுப்பும் ஒரே மாதத்தில் வருகின்றன. சாமன் மீனுக்குப் போகிறவர்கள் இதைப் படித்து மினக்கெட வேண்டாம். அதற்கு 2 முதல் 3 மைல், பெரும்பாலான எஞ்சின்கள் தாமாகவே அந்த வேகத்தில்தான் ஓடும்.

3. வேகத்தை இரையிடம் கேளுங்கள். தூரத்தில் விடுவதற்கு முன் வள்ளத்தின் ஓரமாக நாலடி தங்கூசி விட்டு இரையைத் தண்ணீரில் பிடித்துப் பாருங்கள். போலி மீன் வாலை ஆட்ட வேண்டும். ஆட்டாமல் குச்சி போல வந்தால் அந்த இரைக்கு இந்த வேகம் போதாது. உருண்டு பக்கவாட்டில் மேலெழுந்தால் வேகம் கூட. புழுத்தூண்டிலில் தகட்டைப் பாருங்கள். அகன்று வட்டமாக இருக்கும் கொலராடோத் தகடு மிக மெல்லிய இழுப்பிலும் சுழலும். ஒடுங்கிய வில்லோத் தகட்டுக்குக் கொஞ்சம் ஓட்டம் வேண்டும், ஒரு மைலுக்குக் கீழே அது சில நேரம் சும்மா தொங்கும். தகடு சுழல்கிறதா என்பதைத் தங்கூசி முழுக்க விட்ட பிறகும் தடி நுனி சொல்லும்: டிக் டிக் டிக் என்று சீரான சின்னத் துடிப்பு. துடிப்பு நின்றுபோய் நுனி கனத்துத் தொங்கினால் பாசி பிடித்திருக்கிறது, சுற்றி எடுத்துத் துடையுங்கள். நின்று, பிறகு பின்னுக்கு மெல்ல வளைந்தால் அது பாசி அல்ல.

வேகம் குறைந்தால் ஆழம் மாறும் என்பதும் நினைவிருக்கட்டும். ஈயம் கட்டிய தூண்டில் தாழும், வேகம் கூடினால் எழும்பும். அடிதட்டும் கம்பி ஈயம் போடுகிறவர்கள் பத்தடி ஆழத்துக்கு ஓர் அவுன்ஸ் என்று தொடங்கி, தங்கூசி தண்ணீருக்குள் இறங்கும் சாய்வு 45 பாகைக்கு வருமட்டும் ஈயத்தையோ வேகத்தையோ திருத்துங்கள்.

4. ஜிபிஎஸ் காட்டும் எண்ணை ஒவ்வொரு நொடியும் துரத்தாதீர்கள். மெதுவான ஓட்டத்தில் அந்த எண் சற்றுப் பிந்தித்தான் வரும், நிலையாகவும் நிற்காது. 1.1 என்று கண்டதும் கூட்டி, 1.4 என்று கண்டதும் குறைத்தால் இரை தாவியும் தொங்கியும் வரும். கைப்பிடியைத் தொடாமல் அரை நிமிடம் பார்த்துச் சராசரியைப் பிடியுங்கள். அது காட்டுவது நிலத்தைக் கணக்கு வைத்த வேகம், தண்ணீரைக் கணக்கு வைத்ததல்ல. குடாவில் காற்று ஒரு பக்கமாக நின்று அடித்தால் நீரோட்டம் உண்டாகும். ஓட்டத்தோடு போகையில் ஓர் எண்ணிலும், எதிர்த்துத் திரும்பி வருகையில் வேறோர் எண்ணிலும் மீன் கடிக்கிறது என்றால், இரை உணரும் வேகம் இரண்டிலும் ஒன்றாகத்தான் இருக்கும்.

5. காசு செலவழிக்க முன் எஞ்சினைப் பாருங்கள். ஐடில் அளவுக்கு மேலே நின்றால் திருத்துநரிடம் காட்டிச் சொன்ன அளவுக்கு இறக்குங்கள். அதற்குக் கீழே இறக்க வேண்டாம். கியர் போட்டதும் நின்றுபோகும் எஞ்சினோடு பாறைக்கரை ஓரம் போகக்கூடாது. புதிய எஞ்சின்கள் பலவற்றில் மெதுவோட்டத்துக்கென்று ஒரு பொத்தான் உண்டு, சுற்றுகளைப் படிப்படியாக ஏற்றி இறக்கலாம். உங்கள் எஞ்சினில் அது இருக்கிறதா என்று கைநூலில் பாருங்கள். வாங்கிப் பல வருடமாகியும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கியரைப் போட்டுப் போட்டு எடுப்பதும் ஒரு வழி. சில நொடி முன்னே, சில நொடி நியூற்றல். இரை தாழ்ந்து எழும்ப, பின்தொடர்ந்த மீன் அந்த நேரத்தில் கடிப்பதும் உண்டு. ஆனால் நியூற்றலில் திருப்பும் சக்தி அறவே இல்லை, எனவே காற்றில்லாத நாளுக்கு மட்டும். நாள் முழுக்கச் செய்தால் கையும் ஓயும், கியரும் தேயும்.

நெடுநேர ஐடில் எஞ்சினுக்கு நல்லதல்ல. பழைய இரண்டு ஸ்ரோக் எஞ்சினில் பிளக்கில் கரி ஏறும், இடைக்கிடை தூண்டிலை எடுத்துவிட்டு ஒரு நல்ல ஓட்டம் விடுங்கள். நான்கு ஸ்ரோக்கில் குளிர்காலத்து மெல்லோட்டத்தால் பெற்றோல் கசிந்து எண்ணெயோடு கலக்கும். எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்தால் அளவு கூடியிருக்கும், மணந்தால் பெற்றோல் வாடை வரும். எண்ணெய் கூடினால் நல்லதுதானே என்று விட்டுவிடாதீர்கள், மாற்றுங்கள்.

6. ப்ரொப்பெலரின் பிச் எவ்வளவு என்று பாருங்கள், அதன் கும்பத்திலேயே எண் வெட்டியிருக்கும். 13 அங்குலப் பிச் என்றால் ஒரு சுற்றுக்கு 13 அங்குலம் முன்னேற வேண்டும் என்பது கணக்கு. எஞ்சின் 750 சுற்று, கியர் இரண்டுக்கு ஒன்று என்று வையுங்கள். ப்ரொப்பெலர் நிமிடத்துக்கு 375 சுற்று சுற்றும், கணக்குப்படி மணிக்கு 4.6 மைல். மெதுவோட்டத்தில் அதில் பெரும்பங்கு வழுக்கலிலேயே போய்விடும். 10 அங்குலப் பிச் போட்டால் அதே சுற்றுக்கு 3.6 மைல், வழுக்கல் போக மிஞ்சுவதும் அதே விகிதத்தில் குறையும். பெரிய மாற்றமல்ல, ஆனால் இலவசமாக ஓடும் மாற்றம். திருப்பும் சக்தியும் கெடாது. எச்சரிக்கை ஒன்று: முழு வேகத்தில் போகும்போது எஞ்சின் தன் உச்சச் சுற்றைத் தாண்டப் பார்க்கும். ஓரங்குலம் குறைத்தால் ஏறக்குறைய 150 முதல் 200 சுற்று கூடும். மூன்று அங்குலத்தை ஒரேயடியாகக் குறைக்க முன் கைநூலில் உச்ச அளவைப் பாருங்கள்.

7. வாளி. எல்லோரும் இங்கேதான் தொடங்குவார்கள், தொடங்குங்கள். 20 லீற்றர் வாளி, அடியில் சில துளை, கயிறு. கயிற்றை வாளியின் கம்பிப் பிடியில் கட்டாதீர்கள், முதல் இழுப்பிலேயே பிடி கழன்று வரும். விளிம்புக்குக் கீழே எதிரெதிராக ஓட்டை போட்டு, இரண்டு கயிற்றையும் முன்னால் ஒரு முடிச்சில் சேருங்கள்.

ஒரு வாளி போட்டும் வேகம் குறையவில்லை என்று சலித்துக்கொள்வார்கள். தண்ணீரின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு போகிறது. வேகம் பாதியானால் தடை காற்பங்காகிவிடும். எஞ்சினின் தள்ளுவிசை குறையாமல் இருக்க, வேகத்தைப் பாதியாக்க வேண்டுமானால் மொத்தத் தடையை நான்கு மடங்காக்க வேண்டும். 2.5 இலிருந்து 2.2 க்கு வர வாளி போதும். 1.2 க்கு வர வாளிகளை அடுக்கினாலும் போதாது, அதற்குப் பை வேண்டும்.

8. பை. ட்ரிஃப்ட் சொக் என்று கடையில் கேளுங்கள். வாய் அகன்று வால் ஒடுங்கிய கூம்புப் பை. மெல்லிய நைலோன் பை காற்றில் மிதந்துபோகும் வள்ளத்துக்குச் செய்தது. எஞ்சின் ஓடிக்கொண்டு இழுத்தால் தையலில் கிழியும். ட்ரோலிங்குக்கென்று தடித்த பிளாஸ்ரிக் பூச்சுத் துணியில் தைத்த பை இருக்கிறது, அதை வாங்குங்கள். ஒரு பெரிய பையிலும் இரண்டு சின்னப் பைகள் நல்லது, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒன்று மட்டும் போட்டால் வள்ளம் அந்தப் பக்கமே திரும்பிக்கொண்டிருக்கும், நாள் முழுக்க ஸ்ரியரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டும்.

கட்டும் இடம் முக்கியம். அணியத்துக்குச் சற்றுப் பின்னால், இரண்டு ஓரத்துக் கொக்கிகளிலும் கட்டுங்கள். கயிற்றின் நீளத்தை வீட்டு முற்றத்தில் வள்ளம் ரெயிலரில் நிற்கும்போதே அளந்து முடிச்சுப் போடுங்கள்: பையின் வால் எவ்வளவு இழுபட்டாலும் எஞ்சினுக்கு ஒரு முழமாவது முன்னால் நிற்க வேண்டும். தண்ணீரில் போய் அளக்கலாம் என்று நினைத்தவர்களின் கயிறு ப்ரொப்பெலரில் சுற்றிக் கிடப்பதை இறங்குதுறையில் கண்டிருக்கிறேன். கயிற்றுக்கும் பைக்கும் நடுவே ஒரு சுழலி போடுங்கள், இல்லையென்றால் கயிறு முறுக்கேறிப் பையின் வாயையே கட்டிவிடும்.

பையை இறக்கும்போது முதலில் தண்ணீரில் நனைத்து, வாய் முன்னுக்குப் பார்க்க விடுங்கள். கொஞ்ச நேரம் வெறும் துணியாக ஓரத்தில் அலையும். பிறகு வாய்க்குள் தண்ணீர் ஏறி ஒரே நேரத்தில் விரியும். கயிறு விறைக்கும், கொக்கி கிறீச்சிடும், வள்ளம் தலையை ஒருமுறை தாழ்த்தும். அந்த நேரத்தில் கயிறு உங்கள் விரலையோ மணிக்கட்டையோ சுற்றியிருக்கக் கூடாது. தூக்கும்போது வாய்ப்பக்கம் பிடித்து இழுத்தால் ஒரு பீப்பாத் தண்ணீரை இழுப்பது போல. அதற்குத்தான் வாலில் ஒரு மெல்லிய இரண்டாம் கயிறு. கியரை நியூற்றலுக்குக் கொண்டுவந்து வால்கயிற்றை இழுங்கள், பை தலைகீழாகித் தண்ணீர் கொட்டிவிடும்.

பையின் பெரிய நன்மை வேகக் குறைப்பு அல்ல என்பது என் எண்ணம். அலையோடு போகும்போது வள்ளம் அலைமுதுகில் வழுக்கி ஓடும், பிறகு பள்ளத்தில் நிற்கும். ஜிபிஎஸ் 1.3 என்று சராசரி காட்டினாலும் இரை 2 க்கும் 0.7 க்கும் இடையே துள்ளிக்கொண்டிருக்கும். பை இருந்தால் அந்தத் துள்ளல் அடங்கும். முன்பக்கத்தில் கட்டியதால் அணியத்தைக் காற்று தள்ளுவதும் குறையும். அதனால்தான் நான் முதலில் பையைச் சொல்வது: வேகத்தைக் குறைத்துவிட்டுச் சொல்லும் கேட்க வைக்கும்.

பின்பக்கத்தில் மட்டும் ஒருபோதும் கட்டாதீர்கள். பின்பலகைதான் வள்ளத்தின் மிகத் தாழ்ந்த ஓரம். அதைப் பையால் பிடித்து வைத்தால் பின்னால் வரும் அலை உள்ளே ஏறும்.

9. தகடு. எஞ்சினில், ப்ரொப்பெலருக்கு மேலே படுத்திருக்கும் பாகத்தில் பூட்டி, ப்ரொப்பெலருக்குப் பின்னால் மடித்து இறக்கும் சாமான். தள்ளும் நீரைத் தகடு மறித்துச் சிதறடிப்பதால் வேகம் நன்றாகவே குறையும். எஞ்சின் வள்ளத்தைத் திருப்புவதும் அதே நீரால்தான், ஆகவே திருப்பும் சக்தியும் சேர்ந்து போகும். அமைதியான நாளில் சரி, பக்கக் காற்றில் எரிச்சல். இறக்கியதை மறந்து வீட்டுக்குப் போகும் அவசரத்தில் முழு வேகம் கொடுத்தால் தகடு வளையும் அல்லது உடையும். ஸ்பிரிங் வைத்த தகடு தானாக மடியும் என்பார்கள். அப்படியென்றாலும் கைப்பிடியில் ஒரு சிவப்பு நாடா கட்டிவிடுங்கள்.

10. கிக்கர். பெரிய எஞ்சினுக்குப் பக்கத்தில் 6 முதல் 9.9 குதிரைவலுச் சின்ன எஞ்சின். காசு இருந்தால் இதற்கு நிகரில்லை. பெரிய எஞ்சின் வழியில் படுத்துவிட்டால் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் இதுதான். பெரிய எஞ்சினைத் தூக்காமல் தண்ணீரிலேயே விடுங்கள், சுக்கானாக நிற்கும். இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்தால் ஸ்ரியரிங்கைப் பிடித்தே கிக்கரையும் திருப்பலாம். கிக்கர் ஓர் ஓரத்தில் நின்று தள்ளுவதால் வள்ளம் சற்றுச் சாய்ந்து போகப் பார்க்கும், பெரிய எஞ்சினைக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தால் நேராகும். 9.9 என்றால் ஏறக்குறைய 40 கிலோ. அது பின்பலகையில் ஏறுகிறது, பற்றரியையும் சாமான்பெட்டியையும் முன்னுக்குத் தள்ளுங்கள்.

11. மின்மோட்டர். அணியத்தில் பூட்டுவது. பின்னாலிருந்து தள்ளாமல் முன்னாலிருந்து இழுப்பதால், 0.6 மைலிலும் அணியம் நீங்கள் காட்டிய பக்கமே நிற்கும். ஜிபிஎஸ் வைத்தது என்றால் வேகத்தைச் சொல்லிவிட்டால் தானே பிடித்துக்கொள்ளும். சாமான், ஆள், பெற்றோல் எல்லாம் ஏற்றிய எடையில் 100 இறாத்தலுக்கு 2 இறாத்தல் உந்துவிசை என்பது ஆகக் குறைந்த கணக்கு. 2000 இறாத்தல் வள்ளத்துக்கு 40. ஆனால் குடாவில் காற்றுண்டு, 55 க்குக் கீழே வாங்காதீர்கள். 12 வோல்ற் 55 இறாத்தல் மோட்டர் முழு வேகத்தில் 50 அம்பியர் அளவு குடிக்கும். ஈய பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும், ஆகவே 100 அம்பியர்மணிப் பற்றரி முழு வேகத்துக்கு ஒரு மணி நேரம்தான். மெதுவாகப் போனால் பல மணி நேரம் வரும். நல்ல கூட்டு ஒன்று உண்டு: பெரிய எஞ்சின் ஐடிலில் பின்னால் ஓட, பைகள் பக்கத்தில் இழுக்க, மின்மோட்டர் அணியத்தை மட்டும் திருப்பினால் பற்றரி நாள் முழுக்க நிற்கும்.

மின்மோட்டர்தானே என்று வள்ளமோட்டும் அட்டை இல்லாமல் இறங்காதீர்கள். கனடாவில் மோட்டர் எதுவானாலும் அட்டை வேண்டும்.

12. காற்றை எதிர்த்து இழுத்தால் அதுவே ஒரு பை, காசில்லாத பை. ஆனால் முடிவில் திரும்பி வரத்தான் வேண்டும், அப்போது காற்று தள்ளும். அந்தப் பக்கத்துக்குப் பையை வைத்துக்கொள்ளுங்கள். நேர்கோட்டில் மட்டும் போகாமல் பாம்பு போல வளைந்து போங்கள். வளைவின் உள்பக்கத் தடி மெதுவாகும், வெளிப்பக்கத் தடி வேகமாகும். உள்தடியில் இரண்டு முறை மீன் விழுந்தால் இன்னும் குறையுங்கள், வெளித்தடியில் விழுந்தால் கூட்டுங்கள். கூராக வெட்டித் திருப்பினால் தங்கூசிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், மிச்ச நாள் சிக்கெடுக்கத்தான் சரி.

13. பின்னோக்கி ஓட்டி மெதுவாக்குவதும் உண்டு, அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களின் சின்ன ஏரிகளில் அதில் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். கைப்பிடியால் திருப்பும் எஞ்சின், சின்ன அலை இருந்தால் பழகிப் பாருங்கள். பிக்ரன் பக்கத்து நீண்ட நீர்வழிகளில் தென்மேற்குக் காற்று நிமிர்ந்து வரும் நாளில் வேண்டாம்.

14. நவம்பர் இரவில் இழுக்கப் போகிறவர்களுக்குத் தனியாக. அந்த மாதத் தண்ணீரில் விழுந்தவருக்கு முதல் நிமிடம் மூச்சுத் திணறல், பத்து நிமிடத்துக்குள் கைவிரல் வேலை செய்யாது. உயிர்காப்பு அங்கி வள்ளத்தில் இருந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும். எஞ்சின் நிறுத்தும் சுருள்கயிற்றை மெதுவோட்டத்தில்தான் ஆட்கள் கழற்றி வைப்பார்கள், ஊருகிற வள்ளம்தானே என்று. விழுந்தவருக்கு ஒரு மைலில் விலகிப்போகும் வள்ளத்தையும் உடுப்போடு நீந்திப் பிடிக்க முடியாது. கட்டியே வையுங்கள். விளக்குகள் எரிய வேண்டும். கிளெனோராவில் கார்ப் படகு இக்கரைக்கும் அக்கரைக்கும் ஓடிக்கொண்டிருக்கும். பையும் தடியும் நீட்டிக்கொண்டு அதன் வழியில் நின்றால் நீங்கள் சட்டென்று விலக முடியாது, அதுவும் உங்களுக்காக நிற்காது. அதன் ஓட்டத்துக்கு வெளியிலேயே திரும்பிவிடுங்கள்.

15. பெரிய மீன் கொளுவினால் எஞ்சினை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் மற்றத் தூண்டில்கள் தாழ்ந்து அடியில் சிக்கும், வள்ளமும் காற்றுக்குக் குறுக்கே திரும்பும். மெதுவோட்டத்தைத் தொடருங்கள். மீன் வரும் பக்கத்துப் பையை ஒருவர் வால்கயிற்றால் தூக்கட்டும், மற்றவர் கைவலையோடு அதே பக்கம் நிற்கட்டும். தூக்கிய பைக்கு எதிர்ப்பக்கம் வள்ளம் இழுபடும், ஸ்ரியரிங்கில் கொஞ்சம் பிடித்துக்கொடுங்கள். தனியாகப் போனவர்கள் இரண்டு பையையும் விட்டுவிட்டு, மீனைப் பின்மூலையில் எடுப்பதுதான் வசதி. வைத்திருக்கலாமா விட வேண்டுமா என்பதை அளவுகோல் சொல்லும். அந்த வருட விதிப் புத்தகத்தில் குவின்ரி குடா வரும் வலயத்துக்கான பக்கத்தை முன்கூட்டியே படித்துவிட்டு வாருங்கள்.

16. முதல் பருவத்துக்கு இரண்டு பை, நல்ல கயிறு, சுழலி போதும். அடுத்த பருவம் மின்மோட்டர். கிக்கரை மூன்றாம் பருவத்தில் யோசியுங்கள். அதற்குள் உங்களில் பாதிப் பேர் இந்தப் பொழுதுபோக்கையே விட்டிருப்பீர்கள், மிச்சப் பேருக்கு இறங்குதுறையில் யாராவது பழைய கிக்கரை விற்பார்கள்.